மீண்டும் வந்த குணசேகரன்: தொடர்களின் இரண்டாம் சீசன் குறித்து ஒரு சிந்தனை



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் முன்பெல்லாம் 'சீசன்' என்ற சொல்லுக்கு இரண்டே பொருள்தான். ஒன்று, குற்றாலத்தில் சாரல் விழும் சீசன். மற்றொன்று, மாம்பழச் சீசன். இன்று வீடு சந்திப்புக்குப் போகும்போது அதே சொல் வேறு பொருளில் நம் காதில் விழுகிறது. "முதல் சீசன் மாதிரி இது இல்ல சாமி" என்கிறார் மில்லில் பகல் ஷிப்ட் முடித்து வந்து அடுப்பைப் பற்ற வைக்கும் தாய் ஒருவர். அவர் பேசுவது குற்றாலத்தைப் பற்றி அல்ல, சின்னத்திரைத் தொடரைப் பற்றி.

தொடர் பார்ப்பவர்களைக் கண்டிப்பது மறையுரையாளர்களுக்கு எளிதான வேலை. செபமாலை நேரத்தைத் தொடர் தின்றுவிட்டது, அன்பியக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது பீடத்திலிருந்து சொல்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம் மக்கள் என்ன பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என்ன எண்ணுகிறார்கள் என்பதைக் கேட்காமல் கண்டித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஆகவே அண்மை ஆண்டுகளில் வந்த சில தொடர்களின் புதிய சீசன்களைப் பார்த்தோம், பார்த்தவர்களிடமும் பேசினோம். அதில் நமக்குப் பட்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய தொடர்கள் நீளமானவை என்று கேலி செய்தோம். 'சித்தி' 1999-இன் இறுதியில் தொடங்கி 2001-இல் முடிந்தது. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை வந்தது. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஆறு ஆண்டுகள் ஓடியது. நீளம்தான், ஆனால் அவை முடிந்தன. கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். 'சித்தி'யின் பெயரில் இரண்டாவது தொடர் ஒன்று வருவதற்கு 2020 வரை ஆயிற்று.

இப்போது அப்படி இல்லை. விஜய் தொலைக்காட்சியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2018 அக்டோபர் 1 அன்று தொடங்கி, 2023 அக்டோபர் 28, சனிக்கிழமை முடிந்தது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' அக்டோபர் 30, திங்கட்கிழமை தொடங்கிவிட்டது. இடையில் ஒரே ஒரு ஞாயிறு! நம் வீடுகளில் ஒருவர் இறந்தால்கூட மூன்றாம் நாள் பூசை வரைக்குமாவது பொறுத்திருப்பார்கள்.

இதற்குக் காரணம் வியாபாரம்தான். எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, டி.ஆர்.பி. என்று நாம் சொல்லும் அந்தக் கணக்கு, வாரந்தோறும் வருகிறது. விளம்பரத்தின் விலை அதைப் பொறுத்தது. புதிய பெயரில் ஒரு தொடரைத் தொடங்கினால் பார்ப்பவர்களை ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். பழைய பெயரை வைத்தால் அவர்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பஜாரில் நன்றாக ஓடிய கடையை வாங்குபவர் பழைய பெயர்ப் பலகையை எடுக்காமல் வைத்திருப்பதுபோல.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' விஷயத்தில் பெயர்ப் பலகைதான் அது. கதை வேறு, குடும்பம் வேறு. முதல் தொடரில் மூர்த்தி என்ற மூத்த அண்ணனாக வந்த நடிகர் ஸ்டாலின் முத்து, இரண்டாவதில் பாண்டியன் என்ற தந்தையாக வருகிறார். முதல் கதையில் மூர்த்தியும் தனமும் தம்பிகளை ஆளாக்குவதற்காகத் தங்களுக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையையே தள்ளி வைத்தார்கள். மளிகைக் கடை, கூட்டுக் குடும்பம், ஒரே சமையல். நம் ஊர் பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் தங்களையே அதில் கண்டுகொண்டன. இரண்டாவதில் பாண்டியனும் கோமதியும் வீட்டாரின் எதிர்ப்பை மீறி மணந்தவர்கள். கோமதியின் அண்ணன்மார் அருகிலேயே பகையோடு வாழ்கிறார்கள்.

நம் கருத்து இது: முதல் தொடரை நடத்தியது தியாகம், இரண்டாம் தொடரை நடத்துவது மறைப்பு. யாராவது ஒருவர் யாரிடமாவது ஒன்றை ஒளித்துக்கொண்டே இருக்கிறார். உண்மை வெளிவந்துவிட்டால் கதை நின்றுவிடும் என்பதால், உண்மையைச் சொல்ல வாய் திறக்கும் நேரத்தில் எல்லாம் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். ஆனாலும் தங்கமயில் கதையை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். படிப்பிலும் நகையிலும் பொய் சொல்லி ஒரு பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிறார்கள். போட்டு அனுப்பிய நகையில் பெரும்பகுதி கவரிங். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து வாழ்கிறாள். திருமணத்துக்கு முன் ஆலயத்தில் மூன்று முறை ஓலை வாசிக்கிறோம். தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். பவுன் கணக்கை அங்கே யாரும் கேட்பதில்லை, ஆனால் எத்தனை திருமணங்களின் அடியில் அந்தக் கணக்கு கிடக்கிறது! திருமணத் தயாரிப்பு வகுப்பில் தங்கமயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நிமிர்ந்து பேசத் தொடங்குவார்கள்.

இனி, நம் மக்கள் அதிகம் பேசிய தொடருக்கு வருவோம். சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி 7 அன்று தொடங்கிய 'எதிர்நீச்சல்'. இதை இயக்கிய திருச்செல்வம்தான் முன்பு 'கோலங்கள்' தொடரை இயக்கியவர். கதை நடப்பது மதுரையில். ஆதி குணசேகரன் என்ற பணக்காரர். அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லாத வீடு. அந்த வீட்டின் கடைசி மருமகளாக வருகிறாள் ஜனனி. நன்றாகப் படித்தவள், வேலைக்குப் போகும் கனவோடு வந்தவள். அங்கே ஏற்கெனவே ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்று மூவர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை, ஆனால் எல்லாரும் அடுப்படியில். அவர்களுக்குத் துணையாக அப்பத்தா பட்டம்மாள், அவர் கையில் சொத்தில் 40 சதவீதம். வயதான நம் அம்மாக்கள் பலருக்கு அந்த அப்பத்தாவை மிகவும் பிடித்திருந்ததில் வியப்பில்லை. சொத்து எழுதி வாங்கப்பட்டபின் திண்ணைக்கு வந்துவிட்ட தாய்மார்களை நாம் நன்றாக அறிவோம்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். அந்த மனிதரின் அதிகாரத்தையும் அற்பத்தனத்தையும் ஒருசேரக் காட்டினார். 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்று நம் தெருக்களில் சொந்தக்காரர் இறந்ததுபோலப் பேசிக்கொண்டார்கள். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மாரிமுத்துவின் நடிப்பு அவ்வளவு சுவையாக இருந்ததால், அந்தக் கொடுமைக்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் பழகிவிட்டோம். மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கள்கூட உடன் படிக்கும் சிறுமிகளை "ஏ... இந்தாம்மா" என்று அதட்டி விளையாடினார்கள். சிறுமிகள் யாரும் சிரிக்கவில்லை.

2024 ஜூன் 8 அன்று தொடர் முடிந்தது. அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். ஆயினும் அந்தப் பெண்கள் ஒருவாறு எழுந்து நின்றுவிட்டார்கள் என்ற நிறைவு இருந்தது. ஆறரை மாதம் கழித்து, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, 2024 டிசம்பர் 23 அன்று 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் இரண்டாம் சீசன் வந்தது. இது 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' போலப் புதுக் குடும்பம் அல்ல. அதே வீடு, அதே மனிதர்கள், ஜனனியாக மட்டும் வேறொரு நடிகை. குணசேகரனின் கை மீண்டும் ஓங்குகிறது. மருமகள்கள் திரும்பவும் முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது. மகன் தர்ஷன் விரும்பும் பெண் ஒருத்தி, தந்தை முடிவு செய்யும் பெண் வேறொருத்தி. அந்தத் திருமணத்தைச் சுற்றியே கதை பல மாதம் நடந்தது.

நடிப்பில் குறை சொல்வதற்கில்லை. உரையாடலும் முன்போலவே கூர்மை. பிறகு ஏன் "முதல் சீசன் மாதிரி இல்லை" என்கிறார்கள்? முதல் சீசனில் பெண்கள் ஒரு படி ஏறியபோது மகிழ்ந்தோம். இரண்டாம் சீசனில் அவர்கள் ஏறும்போதே, இதுவும் சறுக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ஏனெனில் குணசேகரன் மனம் மாறிவிட்டால் மறுநாள் இரவு காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவர் தோற்கலாம், அழலாம், மருத்துவமனையில் படுக்கலாம். மாற மட்டும் கூடாது.

இதை நாம் வெறும் கதை நுட்பமாக எடுத்துக்கொண்டு போயிருப்போம், ஒரு பெண் கேட்ட கேள்வி இல்லாதிருந்தால். ஊரும் பேரும் வேண்டாம். பத்தாண்டுகளுக்கு மேல் வீட்டுக்குள் நடந்ததை யாரிடமும் சொல்லாதவர். ஒருநாள் நம்மிடம், "எங்க வீட்லயும் ஒரு குணசேகரன் இருக்கார் சாமி" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றதெல்லாம் வெளிவந்தது: சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சந்தேகம், அடி. தான் அடி வாங்குவதைச் சொல்ல அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை, தொடர் கொடுத்தது. அதற்காக அந்தத் தொடருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டாம் சீசன் தொடங்கிய சில மாதத்தில் அவரே கேட்டார்: "அப்போ இவங்க மாறவே மாட்டாங்களா சாமி?"

அந்தக் கேள்விக்குத் தொலைக்காட்சி ஒரு பதில் வைத்திருக்கிறது. திருவிவிலியம் வேறொன்று வைத்திருக்கிறது. தொடக்கநூலின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோசேப்பின் கதை நமக்குத் தெரியும். அண்ணன்மார் குழியில் தள்ளி, வணிகரிடம் விற்றார்கள். பிறகு பஞ்சத்தில் அவர் முன்னாலேயே வந்து நின்றார்கள். அவர் தம்மை வெளிப்படுத்தி அழுதார், எல்லாரும் கட்டியணைத்துக்கொண்டார்கள். சுபம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஆண்டுகள் கழித்துத் தந்தை யாக்கோபு இறக்கிறார். உடனே அண்ணன்மாருக்குப் பயம் வந்துவிடுகிறது: அப்பா இருந்தவரை நம்மை விட்டுவைத்தான், இனிப் பழிவாங்குவான் என்று. தந்தை சொன்னதாக ஒரு செய்தியைக்கூட அனுப்புகிறார்கள்.

எந்தத் தொடர் எழுத்தாளரும் இரண்டாம் சீசனைத் தொடங்கும் இடம் அதுதான். தந்தை படம் சுவரில் மாலையோடு, யோசேப்பின் கண்ணில் நெருப்பு. திருவிவிலியத்தில் யோசேப்பு என்ன செய்கிறார்? அந்தச் செய்தியைக் கேட்டு அழுகிறார். தாம் கடவுளின் இடத்தில் இல்லை என்று சொல்லி, அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பேணுவதாக ஆறுதல் கூறுகிறார். கொடுத்த மன்னிப்பு தந்தையின் சாவோடு காலாவதியாகவில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு "ஆகவே மன்னித்துவிட்டுப் பேசாமல் இருங்கள்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. யோசேப்பு கண்ணை மூடிக்கொண்டு அண்ணன்மாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களைச் சோதித்தார், காத்திருந்தார். யோசேப்பை விற்றுவிடலாம் என்று முதலில் யோசனை சொன்னவர் யூதா. அதே யூதா பல ஆண்டுகளுக்குப் பின், இளையவன் பென்யமினுக்குப் பதிலாகத் தம்மை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி முன்வந்து நிற்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு தம்மை வெளிப்படுத்தினார். மனிதர் மாறுவார்கள், யூதா மாறினார். மாற்றத்துக்கு அடையாளம் வாய்ப்பேச்சு அல்ல, தன்னைக் கொடுக்க முன்வருவது. மது அருந்திய மறுநாள் காலை அழுவது அந்த அடையாளம் ஆகாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில், பலவீனமான நிலையில் உள்ள துணையையோ பிள்ளைகளையோ வன்முறையிலிருந்து காப்பாற்றுவதற்குப் பிரிந்திருப்பது சில வேளைகளில் தவிர்க்க முடியாதது மட்டுமல்ல, அறநெறிப்படி தேவையானதும்கூட என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நம் நாட்டிலும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. அடித்தால் மட்டும் அல்ல. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அந்தச் சட்டப்படி வன்முறையே. 181 என்ற எண்ணை அழைத்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். 'குடும்ப மானம்' என்று சொல்லி இதை மறைத்து வைக்க அன்பியத் தலைவர்கள் யாரும் துணைபோக வேண்டாம். ஒன்பதரை மணிக்கு ஜனனிக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அழுகைக்குத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைப்பது என்ன நியாயம்?

கைப்பேசியில் பார்க்கும் தொடர்களையும் விட்டுவிட முடியாது. இளையோர் அங்கேதான் இருக்கிறார்கள். 'சுழல்' தொடரின் முதல் சீசன் 2022 ஜூனிலும் இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரி 28 அன்றும் அமேசான் பிரைமில் வந்தன. இரண்டிலும் சக்கரை என்ற காவல்துறை அதிகாரி. வழக்கு மட்டும் வேறு. முதலாவது மயானக் கொள்ளைத் திருவிழாவின் பின்னணியில், காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் கதை. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளானவர்களின் வேதனையை அது சொன்னது. இரண்டாவதில் ஒரு வழக்கறிஞர் கொலையாகிறார். எட்டு இளம்பெண்கள் ஒவ்வொருவரும், நான்தான் கொன்றேன் என்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தையும் கோலத்தையும் சற்று அதிகமாகவே காட்டுகிறார்கள், நடுவில் கதை தேங்குகிறது. முதல் சீசனே மேல் என்பது நம் எண்ணம். இது சிறுவர்க்கான தொடர் அல்ல, பெற்றோர் கவனிக்கவும். ஆனால் பெற்றோர் பார்க்கலாம். குழந்தைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் வீட்டுக்கு வந்துபோகும் தெரிந்த மனிதர் என்ற உண்மையை அது மழுப்பவில்லை. இந்தக் காரியத்தில் திருச்சபையும் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. புகார்களை மூடி மறைக்கக் கூடாது என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தனிச் சட்டமே கொண்டுவந்தார். ஆகவே நாம் பிறரை நோக்கி விரல் நீட்டிவிட்டுப் போக முடியாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098; மறைக்கல்வி வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

'பிக் பாஸ்' பற்றியும் கேட்கிறார்கள். 2017-இல் தொடங்கி ஏழு சீசன்களைக் கமல்ஹாசன் நடத்தினார். 2024 அக்டோபரில் தொடங்கிய எட்டாவதிலிருந்து விஜய் சேதுபதி. ஆள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒருவரை வெளியேற்ற வேண்டும், அதற்குக் காரணம் தேட வேண்டும். நூறு நாள் பிறர் குறையைத் தேடிப் பழகியபின் அன்பியக் கூட்டத்தில் யாரை 'நாமினேட்' செய்யலாம் என்ற எண்ணம் வராதா? இதைப் பற்றி இவ்வளவு போதும்.

தொலைக்காட்சியின் பாதுகாவலி அசிசி நகர் புனித கிளாரா. நோயுற்றுப் படுத்திருந்தபோது, தொலைவில் நடந்த கிறிஸ்து பிறப்பு விழா வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. 1958-இல் திருத்தந்தை 12-ம் பயஸ் அவரைப் பாதுகாவலியாக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸோ 1990-இல் அன்னை மரியாவுக்கு நேர்ச்சை செய்து, தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டுவிட்டார். எட்டு மணி நேரம் நூல் பஞ்சோடும் இயந்திரச் சத்தத்தோடும் நின்றுவிட்டு வரும் பெண்ணிடம் அந்த நேர்ச்சையைக் கேட்க நமக்கு மனம் வரவில்லை. அரைமணி நேரம் உட்கார அவருக்குக் கிடைத்த ஒரே சாக்கு அது. அவர் உட்காரும் நேரத்தில் பாத்திரம் துலக்கிக் கொடுக்க ஆண்கள் நேர்ச்சை செய்தால் அன்னை மரியா மறுக்கமாட்டார்.

இதையெல்லாம் மனத்தில் வைத்து, ராஜபாளையத்தில் ஓர் அன்பியக் கூட்டத்தில் லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். இளைய மகன் திரும்பி வருகிறான், விருந்து நடக்கிறது, மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், தந்தை வெளியே போய்க் கெஞ்சுகிறார். மூத்தவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. "இதற்கு இரண்டாம் சீசன் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டோம். சொத்துக்காக வழக்குப் போடுவான் என்றார் ஒருவர். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புவான் என்றார் இன்னொருவர், அப்படி ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் வசிப்பவர். தம்பி மறுபடியும் ஓடிப்போவான் என்று இளைஞர் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "விருந்து முடிஞ்சு எல்லாரும் தூங்கப் போயிருப்பாங்க. அவன் நடுராத்திரி உள்ள வருவான். ஆத்தாக்காரி சோறு எடுத்து மூடி வச்சிருப்பா" என்றார். அந்தக் கதையில் தாய் வரவே இல்லையே அம்மா என்றோம்.

"வந்த கூட்டத்துக்கெல்லாம் சமைச்சது யாரு சாமி? அவ உள்ளதான் இருந்திருப்பா."